நெட்வொர்க் மூலம் விற்கப்படும் ஆன்லைன் லாட்டரிக் குழுக்கள் நம்பத்தக்கவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே பதினோரு ஆண்டுகளாகக் கணினி மையம் நடத்துகிறேன். பட்டா நகல், பான் அட்டை, ஆதார் திருத்தம் என்று வருகிறவர்களில் சிலர், வந்த வேலை முடிந்ததும் கைப்பேசியை என் பக்கம் திருப்பி, "இதில் சேரலாமா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்பார்கள். அப்படிக் காட்டப்படுபவற்றில் வெளிநாட்டு லாட்டரிக் குழுத் திட்டங்களும் அடிக்கடி இருக்கின்றன. நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், சட்டத்தையும் கணக்கையும் தேடிப் படித்து, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து இதைத் தொகுத்திருக்கிறேன்.

லாட்டரி சிண்டிகேட் என்கிறார்களே, அது என்ன? அதில் நெட்வொர்க் எங்கே வருகிறது?

பலர் பணம் போட்டு நிறைய டிக்கெட்டுகளை வாங்கி, பரிசு விழுந்தால் பங்கு பிரித்துக்கொள்வது சிண்டிகேட். தமிழில் கூட்டாக டிக்கெட் வாங்குவது என்று சொன்னால் போதும். உங்களிடம் காட்டப்படும் திட்டத்தில் இதன்மேல் இன்னொன்று ஏற்றப்பட்டிருக்கும். மாதாமாதம் ஒரு தொகை கட்டினால் உங்களுக்கு ஓர் ஐடி கிடைக்கும். ஐரோப்பிய, அமெரிக்க லாட்டரிகளில் உங்கள் குழுவின் பெயரில் விளையாடுவதாகச் சொல்வார்கள். நீங்கள் இடதுபக்கம் ஒருவர், வலதுபக்கம் ஒருவர் என்று ஆள் சேர்த்தால் கமிஷன் வரும். இந்த ஆள் சேர்ப்புச் சங்கிலியைத்தான் நெட்வொர்க் என்கிறார்கள்.

ஆக, கையில் இருப்பவை இரண்டு தனித்தனி விஷயங்கள். லாட்டரி ஒன்று, ஆள் சேர்ப்பு இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை எந்தக் கேள்விக்கும் சரியான பதில் கிடைக்காது.

நாலு பேர் சேர்ந்து டிக்கெட் வாங்குவது குற்றமா?

லாட்டரி அனுமதிக்கப்பட்ட இடத்தில் குற்றமே இல்லை. மலப்புறம் மாவட்டம் பரப்பனங்காடி நகராட்சியில் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனையைச் சேர்ந்த பதினொரு பெண்கள், 2023இல் 250 ரூபாய் கொடுத்துக் கேரள மழைக்கால பம்பர் டிக்கெட் ஒன்றை வாங்கினார்கள். ஒன்பது பேர் ஆளுக்கு 25 ரூபாய் போட்டார்கள். முழு 25 ரூபாய் இல்லாத இருவர் அதைப் பாதிப்பாதியாகப் போட்டார்கள். 10 கோடி ரூபாய் விழுந்தது. அதே ஆண்டு ஓணம் பம்பரின் 25 கோடி ரூபாய் பரிசும் வாளையாரில் விற்ற டிக்கெட்டுக்கு விழுந்தது. அதை வைத்திருந்தவர்கள் தமிழ்நாட்டு நண்பர்கள் நால்வர்.

அந்தப் பதினொரு பேரும் தினமும் ஒன்றாக வேலை செய்கிறவர்கள். டிக்கெட் அவர்கள் கையில் இருந்தது. யாரும் யாரையும் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்கவில்லை. கூட்டாக டிக்கெட் வாங்குவது என்றால் இதுதான். உங்களிடம் காட்டப்படும் திட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதுவும் ஏலச்சீட்டு மாதிரிதானே?

இல்லை. ஏலச்சீட்டில் இருபது பேர் பணம் போட்டால், அந்தப் பணம் நடத்துகிறவரின் கமிஷன் போக அந்த இருபது பேருக்குள்ளேயே சுற்றும். ஒவ்வொருவருக்கும் ஒருமுறை சீட்டு கிடைத்தே தீரும். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி அதைப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். லாட்டரியில் போட்ட பணம் போனது போனதுதான். சீட்டுப் பிடித்துப் பழகியவர்களிடம் "அதே மாதிரி" என்று சொல்லிச் சேர்ப்பதை நிறையக் கேட்டிருக்கிறேன். சீட்டின் மேல் நம் பெண்களுக்கு இருக்கும் நம்பிக்கையை எடுத்து வேறொன்றுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதே எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

குழுவாக ஆடினால் ஜெயிக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடும் என்கிறார்கள். அது பொய்யா?

பொய் இல்லை. பாதி உண்மை. அதனால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

பிரிட்டனின் லோட்டோவை எடுத்துக்கொள்வோம். 1 முதல் 59 வரை உள்ள எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு டிக்கெட்டுக்கு முதல் பரிசு விழும் வாய்ப்பு 4,50,57,474இல் ஒன்று. குழுத் திட்டங்களில் ஓர் உத்தி உண்டு. எல்லா டிக்கெட்டிலும் ஐந்து எண்களை ஒன்றாகவே வைத்துக்கொண்டு, ஆறாவது எண்ணாக மீதமுள்ள 54 எண்களையும் ஆளுக்கொன்றாகப் போடுவார்கள். அந்த ஐந்து எண்களும் வந்துவிட்டால் ஆறாவது யாரோ ஒருவரிடம் இருந்தே ஆகும். முதல் பரிசு உறுதி, மற்ற டிக்கெட்டுகளுக்கும் ஐந்து எண் பொருந்திய பரிசு உண்டு. வாய்ப்பு சுமார் 8,34,398இல் ஒன்று என்று இறங்கிவிடுகிறது. ஐம்பத்துநான்கு மடங்கு! பலகையில் எழுதிக் காட்டினால் எவருக்கும் கண் விரியும்.

இப்போது மறுபாதி. வாய்ப்பு ஐம்பத்துநான்கு மடங்கு கூடியது ஐம்பத்துநான்கு டிக்கெட் வாங்கியதால்தான். உத்தியால் அல்ல. விழும் பணமோ ஐம்பத்துநான்காகப் பிரியும். தனியாக ஒரு டிக்கெட் வாங்குகிறவருக்குச் சராசரியாக என்ன மதிப்போ, அதே மதிப்புதான் குழுவில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும். ஐந்து எண்கள் எல்லோருக்கும் ஒன்றே என்பதால், அவை வராத நாளில் அத்தனை டிக்கெட்டும் பெரும்பாலும் ஒன்றாகவே வீணாகும். வாரம் இரண்டு குலுக்கல் வீதம் ஒரு குழு அந்தப் பரிசுக்காகச் சராசரியாக எட்டாயிரம் ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது கட்டணம். டிக்கெட் விலை 2 பவுண்டு. உங்கள் பங்கிற்கு 5 பவுண்டு வாங்குகிறார்கள் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மீதி 3 பவுண்டு நிறுவனத்துக்கும் உங்களுக்கு மேலே இருக்கும் வரிசைக்கும் போகிறது. ஆக, கடையில் டிக்கெட் வாங்குகிறவரைவிட உங்கள் நிலை மோசம். "ஒவ்வொரு குலுக்கலிலும் குறைந்தது ஓர் எண்ணாவது பொருந்தும், இது உத்தரவாதம்" என்றும் சொல்வார்கள். பொருந்தும். ஆனால் ஓர் எண் பொருந்தினால் அந்த லாட்டரியில் பரிசு ஏதும் கிடையாது.

அப்படியானால் உலகத்தில் எந்தப் பெரிய குழுவும் ஜெயித்ததில்லையா?

ஜெயித்திருக்கிறது. 1992 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்ஜினியா மாநில லாட்டரியில், ஸ்டீஃபன் மாண்டெல் என்பவர் ஒருங்கிணைத்த குழு 2.7 கோடி டாலர் முதல் பரிசை வென்றது. பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சுமார் 2,500 பேர் பணம் போட்டிருந்தார்கள். அந்த லாட்டரியில் 44 எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்தம் 70,59,052 சேர்க்கைகள், டிக்கெட் ஒரு டாலர். பரிசு செலவைவிடப் பல மடங்கு பெருகிய வாரமாகப் பார்த்து, எல்லாச் சேர்க்கையையும் வாங்கிவிடத் திட்டமிட்டார்கள். நேரம் போதாமல் சுமார் 50 லட்சம் டிக்கெட் மட்டுமே வாங்க முடிந்தது. வென்ற எண் அதற்குள் இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

ஆள் சேர்க்க நடத்தும் ஜூம் கூட்டங்களில் சொல்லப்படும் கதை இதோடு முடிந்துவிடும். லட்சக்கணக்கில் டிக்கெட்டை அச்சிட்டு வாங்கியதும் பரிசுத் தொகை செலவைத் தாண்டி நின்றதும்தான் அந்த வெற்றிக்குக் காரணம். நெட்வொர்க் குழுவில் ஐம்பது டிக்கெட் வாங்குவதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இன்றைய அமெரிக்க பவர்பால் லாட்டரியில் சேர்க்கைகளின் எண்ணிக்கை 29 கோடிக்கு மேல்.

தமிழ்நாட்டில் லாட்டரிக்குத்தானே தடை? இது வெளிநாட்டு லாட்டரி, ஆன்லைனில் நடக்கிறது. அதனால் பிரச்சினை இல்லை என்கிறார்களே?

தமிழ்நாட்டில் 2003 ஜனவரி முதல் எல்லா லாட்டரி விற்பனைக்கும் தடை இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் மத்திய லாட்டரிச் சட்டப்படி இந்தியாவில் லாட்டரி நடத்தும் உரிமை மாநில அரசுகளுக்கு மட்டுமே. இன்னொரு மாநிலத்தின் டிக்கெட்டைத் தன் எல்லைக்குள் தடுக்கவும் ஒரு மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. சட்டத்தை மீறி நடக்கும் லாட்டரியில் டிக்கெட் விற்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் தண்டனைக்கு உரியவர்.

வெளிநாட்டு லாட்டரிக்குத் தனியாக இன்னொரு தடை இருக்கிறது. பலருக்கும் இது தெரியாது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2000ஆம் ஆண்டில் வந்த நடப்புக் கணக்கு விதிகளின் முதல் அட்டவணையில், லாட்டரி டிக்கெட் வாங்க இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது முற்றிலும் தடை செய்யப்பட்டிருக்கிறது. வங்கியில் கேட்டால் மறுப்பார்கள். அதனால்தான் யாரோ ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொல்கிறார்கள், அல்லது கிரிப்டோவாக மாற்றச் சொல்கிறார்கள். நேர்வழி திறந்திருந்தால் இந்தச் சந்துவழி எதற்கு?

கேரள லாட்டரியை ஆன்லைனில் வாங்கித் தருகிறோம் என்பவர்களுக்கும் ஒரு வரி. கேரள அரசு விற்பது காகித டிக்கெட் மட்டுமே, ஆன்லைன் விற்பனை கிடையாது. பெரிய பரிசுக்கு அசல் டிக்கெட்டை 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

லண்டனில் இருக்கும் என் சித்தி மகன் அலுவலகத்தில் சிண்டிகேட்டில் இருக்கிறான். சட்டப்படி சரிதான் என்கிறானே?

அவன் சொல்வது சரி. பிரிட்டனில் உடன் வேலை செய்கிறவர்கள் கூட்டாகத் தேசிய லாட்டரி வாங்குவது சாதாரணம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று ஓர் ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆனால் அந்த லாட்டரியை ஆன்லைனில் வாங்குகிறவர் அந்த நாட்டில் இருக்க வேண்டும். அவனுக்கு அங்கே பொருந்துவது, திண்டிவனத்தில் இருக்கும் உங்களுக்குப் பொருந்தாது. பரப்பனங்காடிப் பெண்களைப் போலவே அவனுக்கும் ஆள் சேர்ப்புக் கமிஷன் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

கம்பெனிப் பதிவுச் சான்று இருக்கிறது, ஜிஎஸ்டி எண் இருக்கிறது, கமிஷனில் டிடிஎஸ்கூடப் பிடிக்கிறார்கள். மோசடி என்றால் அரசாங்கம் விடுமா?

பதிவுச் சான்று ஒரு நிறுவனம் பிறந்ததற்கான சாட்சி. அது என்ன தொழில் செய்கிறது, நேர்மையாகச் செய்கிறதா என்பதற்கு அது சாட்சி சொல்லாது. ஜிஎஸ்டி எண் எந்த வியாபாரத்துக்கும் கிடைக்கும். என் மையத்திலேயே விண்ணப்பித்துக் கொடுக்கிறேன். வரி பிடித்தார்கள் என்பதால் அந்தத் தொழில் சட்டப்படி சரியாகிவிடாது. சுவரில் மாட்டும் சான்றிதழ்களை எண்ணாதீர்கள். லாட்டரி நடத்தவோ விற்கவோ எந்த அரசு கொடுத்த உரிமம் இருக்கிறது என்று கேளுங்கள். இதுவரை ஒருவரும் எனக்கு அதைக் காட்டியதில்லை.

டிக்கெட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களே, அது போதாதா?

போதாது. தையல் கடை நடத்தும் ஓர் அக்கா, தன் குழுவுக்கு அந்த வாரம் வாங்கியதாக வந்த டிக்கெட் படத்தை அச்செடுத்துத் தரச் சொன்னார். இரண்டு நாள் கழித்து, வேறு ஊரிலிருந்து வந்த ஓர் ஆட்டோ ஓட்டுநர் தன் குழுவின் டிக்கெட் என்று ஒரு படம் காட்டினார். அக்காவுக்கு எடுத்த நகல் மேசையிலேயே கிடந்ததால் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எண் வரிசை ஒன்று, கீழே இருந்த கோட்டுக் குறியீடு ஒன்று. மூலையில் டிக்கெட்டைப் பிடித்திருந்த கட்டை விரலும், அதன் நகத்தில் இருந்த வெடிப்பும்கூட ஒன்றே. ஒரே டிக்கெட் எத்தனை குழுக்களுக்கு விற்கப்பட்டதோ தெரியாது. வாங்கப்பட்ட டிக்கெட்டா என்பதும் தெரியாது. அந்த ஓட்டுநர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

ஆள் சேர்த்தால் கமிஷன் எல்லா நெட்வொர்க்கிலும்தான் உண்டு. இதில் மட்டும் என்ன தவறு?

நேரடி விற்பனையில் சோப்போ பாத்திரமோ விற்று, அந்த விற்பனைக்குக் கமிஷன் வாங்குவது சட்டப்படி நடக்கலாம். புதிய ஆள் கட்டும் பணத்திலிருந்து பழைய ஆளுக்குக் கொடுப்பது வேறு. 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் அதைத் தடுக்கிறது. 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு திட்டத்தையும் பணச் சுழற்சித் திட்டத்தையும் வெளிப்படையாகத் தடை செய்கின்றன.

லாட்டரியை முன்னிறுத்தி ஆள் சேர்த்த ஒரு திட்டம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எர்ணாகுளத்தில் இயங்கிய லிஸ் என்ற நிறுவனம் 625 ரூபாய்க்கு ஒரு யூனிட் விற்றது. அதற்கு லாட்டரி டிக்கெட்டும் ஒரு பத்திரிகையும் தருவதாகச் சொன்னது. முறை வரும்போது பணம் இரட்டிப்பாகத் திரும்பும் என்பதே மக்களை இழுத்தது. பின்னால் சேருகிறவர்களின் பணம் இல்லாமல் அந்த இரட்டிப்புக்கு வழியே இல்லை. வழக்கைத் தொடக்கத்திலேயே முடித்துவிட நிறுவனத்தார் கேட்டதை 2008இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆன்லைன் அப்போது பெரிதாக இல்லை. ஆனால் உங்களிடம் காட்டப்படும் திட்டத்தின் எலும்புக்கூடு அதேதான்.

கணக்கும் ஒத்துவராது. ஆளுக்கு இருவர் வீதம் சேர்த்துக்கொண்டே போனால், இருபத்தேழாவது வரிசையில் மொத்தம் 13 கோடியைத் தாண்டிவிடும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே 7.21 கோடி. வரிசை எந்த நாளில் நின்றாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் கடைசி வரிசையில், கீழே ஒருவருமே இல்லாமல் நிற்பார்கள். அந்த வரிசையில் யார் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? கடைசியாகக் கேள்விப்பட்டவர்கள். உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மா, கிராமத்தில் இருக்கும் மதினி.

எனக்கு மூன்று மாதமாகப் பேஅவுட் வங்கிக் கணக்குக்கே வந்தது. பணம் வராத திட்டம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

வரும். முதலில் வராவிட்டால் நீங்கள் யாரையும் சேர்க்க மாட்டீர்கள். உங்கள் பேஅவுட் எந்தத் தலைப்பில் வந்தது என்று செயலியில் பாருங்கள். லாட்டரிப் பரிசு என்று எவ்வளவு, இடது வலது ஆள் சேர்த்ததற்கான ஜோடி வருமானம் என்று எவ்வளவு? தையல்கார அக்காவின் கணக்கை நானே கூட்டிப் பார்த்தேன். அவருக்கு வந்ததில் ஒரு ரூபாய்கூடப் பரிசுப் பணம் இல்லை. அத்தனையும் அவர் சேர்த்த பெண்கள் கட்டியது.

நான் பணம் கட்டிய உறுப்பினர் மட்டும்தான். என் மேல் வழக்கு வருமா?

ஆள் சேர்ப்புக் கமிஷன் பற்றிய பதிலில் சொன்ன 1978 சட்டத்தின் மூன்றாவது பிரிவு, திட்டத்தை நடத்துவதோடு உறுப்பினராகச் சேருவது, பங்கெடுப்பது, அதற்காகப் பணம் வாங்குவது, அனுப்புவது எல்லாவற்றையும் தடுக்கிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஏமாந்து பணம் கட்டியவர் புகார் கொடுக்கப் பயப்படத் தேவையில்லை. ஆனால் விஷயம் தெரிந்த பிறகும் ஆள் சேர்ப்பவரின் நிலை வேறு. "லீடர்" என்று மேடையில் மாலை வாங்கியவர்கள், கூட்டத்துக்கு மண்டபம் பிடித்துக் கொடுத்தவர்கள் உடனே ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

எனக்குப் பரிசு விழுந்திருக்கிறதாம். முதலில் வரி கட்டினால் அனுப்புவார்களாம். கட்டலாமா?

கட்டவே கட்டாதீர்கள். இந்தியாவில் லாட்டரிப் பரிசுக்கு 30 சதவீத வருமான வரியும் அதன் மேல் செஸ் முதலியவையும் உண்டு. பணப் பரிசாக இருந்தால் அந்த வரியைப் பரிசிலிருந்தே கழித்துக்கொண்டுதான் தருவார்கள். பரிசு தருகிறவர் உங்களிடம் முன்பணம் கேட்டால் அங்கே பரிசு இல்லை. ஒருமுறை கட்டினால் சுங்கக் கட்டணம், பரிமாற்றக் கட்டணம் என்று அடுத்தடுத்து வரும்.

கட்டிய பணத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறதா?

நாள் தள்ளாமல் செயல்பட்டால் ஓரளவு இருக்கிறது. பணம் அனுப்பிச் சில மணி நேரமே ஆகியிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. உங்கள் வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். நாளாகிவிட்டால், பலர் சேர்ந்து மாவட்டக் குற்றப் பிரிவிலோ பொருளாதாரக் குற்றப் பிரிவிலோ புகார் கொடுங்கள். டெபாசிட் என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தால், தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொத்தை முடக்க முடியும். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

செயலியை நீக்குவதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண்கள், வாட்ஸ்அப் உரையாடல், உங்களைச் சேர்த்தவரின் ஐடி எல்லாம் வேண்டும். "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று பிறகு வரும் அழைப்புகளை நம்பாதீர்கள். அப்படிப் பேசுகிறவர்களும் உங்களிடம் முன்பணம்தான் கேட்பார்கள்.

என் தங்கை, நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரையும் நானே சேர்த்துவிட்டேன். இப்போது அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

என்னிடம் வரும் கேள்விகளில் மிகவும் கஷ்டமானது இதுதான். பெரும்பாலும் கடை சாத்தும் நேரத்தில்தான் இதைக் கேட்பார்கள்.

தையல்கார அக்கா ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டின் பின்பக்கங்களில் வட்டம் வட்டமாகப் போட்டு, இடது வலது என்று பதினான்கு பெண்களின் பெயரை எழுதி வைத்திருந்தார். அந்த இரண்டு படங்களும் ஒன்று என்று தெரிந்ததும், அன்று மாலையே அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் "இனி யாரும் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்" என்று குரல் பதிவு போட்டார். நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள். விளக்கம் பிறகு சொல்லலாம். அடுத்த தவணைத் தேதிக்கு முன் அவர்களுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு மேலே இருப்பவர் "கொஞ்சம் பொறுங்கள், குழுவைக் கலைக்காதீர்கள்" என்பார். கேட்காதீர்கள்.

பிறகு வீடு வீடாகப் போங்கள். உங்களுக்கு யார் மூலமாக எவ்வளவு கமிஷன் வந்தது என்பதை மறைக்காமல் சொல்லி, அதையாவது திருப்பிக் கொடுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் மாதாமாதம் கொடுங்கள். அக்காவை இரண்டு வீட்டில் உள்ளே கூப்பிடவில்லை. நாத்தனார் இன்னும் பேசுவதில்லை. மற்றவர்களில் ஒன்பது பேர் அவரோடு சேர்ந்தே புகாரில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே திருப்பிக் கொடுத்த தொகையும் தேதியும் வாங்கியவர் கையெழுத்தும் இருக்கின்றன. நீங்களும் அப்படி எழுதி வாங்கி வையுங்கள். புகார் கொடுக்கப் போகும்போது அதன் நகலையும் எடுத்துச் செல்லுங்கள்.